சர்க்கரை, நொதி, புற்றுநோய்: வாசகர் கேள்வி – பதில்

புற்றுநோய் செல்களின் வளர்சிதை மாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. நோயாளிகளின் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள், ஆய்வக மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். நொதியியலிலும் செல் வளர்ப்பிலும் பணிபுரிவோர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் சோறு, வெல்லம், பலாப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இரண்டு மாதத்தில் நன்றாக இளைத்துவிட்டார். நாங்கள் செய்வது சரியா? — வாசகி, பண்ருட்டி

பதில்: சரியில்லை. இன்றே சோற்றைத் திரும்பக் கொடுங்கள். இளைத்ததை அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சுக்கு மூலம் ஓர் உண்மையான கண்டுபிடிப்பு. 1920களில் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க், கட்டித் திசு போதிய ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக (லாக்டேட்டாக) மாற்றித் தள்ளுவதைக் கண்டார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு லாக்டேட்டோடு நின்றுவிட்டால் கிடைப்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. 2 மட்டுமே. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா வழியாக முழுதாக எரிந்தால் சுமார் 30. அதனால் கட்டி குளுக்கோஸை அதிகம் இழுக்கிறது. இதுவரை சரி.

ஆனால் வாயில் போடும் சர்க்கரையை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் நின்றுவிடாது. கல்லீரல் அதை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். கட்டி வெளியேற்றும் லாக்டேட்டையே கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக மாற்றும்; இதற்குக் கோரி சுழற்சி என்று பெயர். அதுவும் போதாதபோது தசைப் புரதம் உடைந்து, அதன் அமினோ அமிலங்கள் குளுக்கோஸாகும். கட்டிக்குப் பங்கு குறையவில்லை, அம்மாவின் தசைதான் கரைகிறது. தசை கரைந்த நோயாளிக்குக் கீமோதெரபியைத் தாங்கும் வலு குறையும். மருந்தளவைக் குறைக்கவோ தவணையைத் தள்ளிப்போடவோ நேரிடும்.

வாரம் ஒரு நாள், காலையில், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோவுக்கு மேல் இறங்கினால், அது கவனிக்க வேண்டிய அளவு. முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும். ஒரே மூச்சில் சாப்பிட முடியாவிட்டால் கஞ்சியாக நாலைந்து முறை கொடுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் அதற்கான கட்டுப்பாடு தனி. அதை மருத்துவர் சொல்லும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு சுளை பலாப்பழத்தால் கெடுதல் ஒன்றும் வராது.

கேள்வி: அப்பாவுக்கு உள்ளூர் லேபில் எல்.டி.எச். 420 என்று வந்தது. பதறிப்போய்ப் புதுச்சேரியில் மறுபடி எடுத்தோம், 215 என்று வந்தது. எதை நம்புவது? எல்.டி.எச். கூடினால் புற்றுநோயா? — வாசகர், கடலூர் ஓ.டி.

பதில்: இரண்டையுமே நம்பலாம். எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பாருங்கள். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இந்த நொதி இரு திசையிலும் வேலை செய்யும். சில பரிசோதனைக் கிட்டுகள், குளுக்கோஸ் உடையும்போது வரும் பைருவேட் லாக்டேட்டாக மாறும் வேகத்தை அளக்கின்றன, சில எதிர்த்திசையை அளக்கின்றன. பைருவேட்டிலிருந்து தொடங்கும் முறையில் அதே ரத்தத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு எண் வரும். அதன் இயல்பு வரம்பின் மேல் எல்லையும் அதற்கேற்ப 400ஐத் தாண்டி இருக்கும். இரண்டு லேபின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்தால் ஒரே லேபில் எடுங்கள்.

இன்னொன்று, இந்தப் பரிசோதனை ரத்தம் எடுக்கும் விதத்திலேயே கெட்டுப்போகக்கூடியது. சிவப்பணுக்களுக்குள் எல்.டி.எச்., சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, சீரத்தைப் பிரிக்காமல் நாள் முழுக்க வைத்திருந்தாலோ அணுக்கள் உடைந்து எண் ஏறிவிடும். சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிட்டு வேறு எடுக்க வேண்டும். நல்லது என்று நினைத்து ஐஸில் வைத்து அனுப்புவதும் தவறு. இந்த நொதியின் கல்லீரல், தசை வகைகள் குளிரில் செயல் இழக்கும். பிரித்த சீரத்தை அறை வெப்பநிலையில் வைத்து அன்றே அளப்பதுதான் முறை.

எல்.டி.எச். உடலின் எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது. கல்லீரல் நோய், மாரடைப்பு, ரத்தச் சோகையில் சில வகை, கடுமையான தசை உழைப்பு எதிலும் கூடும். அதை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாது. நோய் ஏற்கெனவே உறுதியானவர்களில், குறிப்பாக லிம்ஃபோமா, விரைப்பையின் ஜெர்ம் செல் கட்டி, பரவிய மெலனோமா ஆகியவற்றில், நோயின் தீவிரத்தை மதிப்பிட மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக எலிக் கல்லீரலில் எல்.டி.எச். அளக்கிறேன். காலையில் ஓர் எண், மதியம் வேறு எண். மூன்று முறை செய்தால் மூன்றும் ஒத்துப்போவதில்லை. எங்கே பிசகுகிறது? — மாணவி, அண்ணாமலைநகர்

பதில்: செய்முறையை நீங்கள் முழுதாக எழுதவில்லை. அதனால் முறையை முதலிலிருந்து சொல்லி, எங்கெங்கே கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

திசுவைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் ரத்தம் போகக் கழுவி, ஒற்றி எடுத்து, எடை போடுங்கள். 1 கிராம் திசுவுக்குப் பஃபரோடு சேர்த்து மொத்தம் 10 மில்லி வரும்படி ஐஸ் மேல் வைத்து அரையுங்கள். 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 15 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல்நீரை எடுங்கள். கழுவுவதில் அலட்சியம் கூடாது. மேலே சொன்ன சிவப்பணுச் சிக்கல் இங்கேயும் உண்டு.

3 மில்லி க்யூவெட்டுக்கு: 0.1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர், பி.எச். 7.4, 2.7 மில்லி, 6 மில்லிமோலார் என்.ஏ.டி.எச். (பைருவேட்டை லாக்டேட்டாக்கும்போது இந்த நொதி செலவழிக்கும் துணைப்பொருள்) 0.1 மில்லி; நீர்த்த மேல்நீர் 0.1 மில்லி. என்.ஏ.டி.எச். ஒளியை உறிஞ்சும் 340 நானோமீட்டரில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள்; அது செலவாகச் செலவாக எண் இறங்கும். அதன்பிறகு 30 மில்லிமோலார் சோடியம் பைருவேட் 0.1 மில்லி சேர்த்து, மெதுவாகக் கலந்து, 15 விநாடிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் எண்ணைக் குறியுங்கள். தொடக்க ஒளி உறிஞ்சல் 1.24 அருகே இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் உங்கள் என்.ஏ.டி.எச். கெட்டுவிட்டது என்று பொருள்.

முதல் இரண்டு நிமிடத்தைப் பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். பைருவேட் இல்லாமலேயே என்.ஏ.டி.எச்.ஐத் தின்னும் வேறு நொதிகள் திசுச் சாற்றில் இருக்கின்றன. அந்தப் பின்னணி வேகத்தைக் கழிக்காவிட்டால் அதையும் எல்.டி.எச். கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

காலைக்கும் மதியத்துக்கும் எண் மாறுவதற்கு எங்கள் முதல் சந்தேகம் வெப்பநிலை. 10 டிகிரி ஏறினால் நொதி வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். மே மாதத்தில் உங்கள் பக்கம் காலை ஆய்வகம் 28 டிகிரி, மதியம் மின்விசிறி மட்டும் ஓடும் அறை 36 டிகிரி என்றால் அந்த வித்தியாசமே போதும். க்யூவெட் பிடிப்பானில் வெப்பக் கட்டுப்பாடு இல்லையென்றால், பஃபரை 37 டிகிரி நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுத்து உடனே அளங்கள். எத்தனை டிகிரியில் அளந்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள். வெப்பநிலை எழுதாத நொதி அலகு யாருக்கும் பயன்படாது.

அடுத்தது பஃபர். பாஸ்பேட்டுக்குப் பதில் டிரிஸ் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். டிரிஸின் பி.எச். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 நகரும். 25 டிகிரியில் 7.4 என்று சரிசெய்தது 4 டிகிரிக் குளிரறையில் 8.0 ஆகிவிடும். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பநிலையில் பி.எச். சரிசெய்யுங்கள்.

என்.ஏ.டி.எச்.ஐ அன்றன்று கரையுங்கள். 1 மில்லிக்கு 4.3 மில்லிகிராம் போட்டால் 6 மில்லிமோலார் வரும். அமிலத்தில் அது வேகமாகச் சிதையும். அதனால் பி.எச். பார்க்காத வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரைக்காமல், லேசான காரத்தன்மையுள்ள கரைசலில் கரைத்து, ஃபாயில் சுற்றி ஐஸில் வையுங்கள்.

பைருவேட்டை அதிகம் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து அளவை ஏற்ற வேண்டாம். மிகுந்த பைருவேட் இந்த நொதியையே தடுக்கும், இதய வகையை இன்னும் அதிகமாக.

மூன்று முறையும் ஒத்துப்போகாததற்குக் காரணம் பெரும்பாலும் நீர்ப்பின் அளவு. கல்லீரலில் இந்த நொதி மிக அதிகம். நீர்க்காத சாறு விட்டால் முதல் 15 விநாடியிலேயே என்.ஏ.டி.எச். தீர்ந்து, நீங்கள் அளப்பது வால் பகுதியாகிவிடும். நிமிடத்துக்கு 0.05 முதல் 0.15 வரை இறங்கும்படி 50 மடங்கோ 100 மடங்கோ நீர்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும்: சாற்றைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாக வேண்டும். ஆகவில்லையென்றால் இன்னும் நீர்க்க வேண்டும். இதை ஒவ்வொரு திசுவுக்கும் புதிதாகச் செய்யுங்கள். கட்டித் திசுவுக்கும் இயல்பான திசுவுக்கும் ஒரே நீர்ப்பு பொருந்தாது.

கணக்கு: பின்னணி கழித்தபின் நிமிடத்துக்கு 0.12 இறங்கினால், 0.12 × 3 ÷ (6.22 × 0.1) = 0.58 அலகு, ஒரு மில்லி நீர்த்த சாற்றுக்கு. 50 மடங்கு நீர்த்திருந்தால் 29 அலகு. புரதம் மில்லிக்கு 8 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு 3.6 அலகு. 6.22 என்பது 1 மில்லிமோலார் என்.ஏ.டி.எச். 1 செ.மீ. பாதையில் காட்டும் உறிஞ்சல். மைக்ரோபிளேட்டில் அளந்தால் பாதை 1 செ.மீ. அல்ல, அதைத் திருத்தாமல் இதே சூத்திரத்தைப் போடுவது அடிக்கடி பார்க்கும் தவறு.

கேள்வி: பிச்சாவரம் சதுப்புநிலத் தாவர இலைச் சாற்றைப் புற்றுநோய் செல்களில் எம்.டி.டி. முறையில் சோதித்தேன். அளவைக் கூட்டக் கூட்ட உயிர்ப்பு 130 சதவீதம் வரை போகிறது. சாறு செல்லை வளர்க்கிறதா? — ஆய்வு மாணவர், காலாப்பட்டு

பதில்: பெரும்பாலும் இல்லை. எம்.டி.டி. செல்களை எண்ணுவதில்லை. செல்லுக்குள் இருக்கும் ஒடுக்கும் நொதிகள் மஞ்சள் சாயத்தை ஊதா ஃபார்மசானாக மாற்றுவதை அளக்கிறது. இலைச் சாற்றின் பாலிஃபீனால்களும் அஸ்கார்பிக் அமிலமும் செல்லே இல்லாமல் அதைச் செய்யும்.

உறுதி செய்வது எளிது. 96 குழித் தட்டில் செல் போடாத குழிகளில் மீடியம், நீங்கள் பயன்படுத்திய அதே அளவுகளில் சாறு, 5 மி.கி./மி.லி. எம்.டி.டி. கரைசல் 10 மைக்ரோலிட்டர் போட்டு 37 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. 100 மைக்ரோலிட்டர் சேர்த்து 570 நானோமீட்டரில் பாருங்கள். ஊதா ஏறினால் சாறுதான் காரணம். உண்மையான சோதனையில், எம்.டி.டி. போடும் முன் சாறு கலந்த மீடியத்தை எடுத்துவிட்டு பாஸ்பேட் உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவிப் புது மீடியம் ஊற்றுங்கள். ஓரக் குழிகள் ஆவியாகி எண்ணைக் கெடுக்கும்; அவற்றில் உப்புக் கரைசல் மட்டும் நிரப்புங்கள்.

எதிர்த்திசையிலும் இந்தச் சோதனை ஏமாற்றும். கிளைக்கோலிசிஸை, அதாவது குளுக்கோஸ் பைருவேட்டாக உடையும் பாதையைத் தடுக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் போன்ற பொருளைக் கொடுத்தால் செல் சாகாமலேயே ஊதா குறையும். ஏனென்றால் சாயத்தை ஒடுக்கத் தேவையான என்.ஏ.டி.எச்., என்.ஏ.டி.பி.எச். குறைந்துவிட்டது. வளர்சிதை மாற்றத்தைத் தொடும் எந்தப் பொருளுக்கும் எம்.டி.டி.யை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது. டிரிப்பான் நீலம் போட்டு எண்ணுங்கள், அல்லது புரதத்தை அளக்கும் சல்ஃபோரோடமைன் பி முறையைச் சேருங்கள்.

மீடியத்தையும் பாருங்கள். வழக்கமான ஹை குளுக்கோஸ் டி.எம்.இ.எம்.-இல் குளுக்கோஸ் 25 மில்லிமோலார். நம் ரத்தத்தில் 5 அளவுதான். அவ்வளவு குளுக்கோஸில் மிதக்கும் செல் லாக்டேட் பாதையிலேயே ஓடும். அதில் கிடைத்த முடிவை உடலுக்குப் பொருத்திப் பேச முடியாது. 5.5 மில்லிமோலாரிலும் ஒருமுறை செய்து காட்டுங்கள். அப்போது டயாலிசிஸ் செய்த சீரம் பயன்படுத்த வேண்டும், சாதாரண சீரத்திலேயே குளுக்கோஸ் இருக்கிறது.

கேள்வி: பெட் ஸ்கேனுக்கு முன் ஏன் பட்டினி? ஊசி போட்டபின் பேசக்கூடக் கூடாது என்கிறார்களே? — வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஊசியில் இருப்பது ஃபுளோரின்-18 சேர்த்த குளுக்கோஸ். ஹெக்ஸோகைனேஸ் நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அடுத்த நொதியால் அதை மேலே கொண்டுபோக முடியாது. அதனால் அது குளுக்கோஸை அதிகம் இழுக்கும் செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சாப்பிட்டிருந்தால் இன்சுலின் ஏறி ஊசி மருந்து தசைக்குப் போய்விடும். நடந்தால் காலிலும், பேசினால் தொண்டைத் தசையிலும் சேர்ந்து படம் குழம்பும். அதற்காகத்தான் குறைந்தது 4 முதல் 6 மணி நேரப் பட்டினி, ஊசிக்குப் பின் சுமார் ஒரு மணி நேரம் அசையாத ஓய்வு. தண்ணீர் குடிக்கலாம். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அது குடலில் மருந்து சேர்வதைக் கூட்டும். நிறுத்துவதா என்பதை ஸ்கேன் மைய மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.

கேள்வி: நொதியைக் குறிவைத்து உண்மையிலேயே பலன் தந்த மருந்து ஏதாவது உண்டா? — வாசகர், வில்லியனூர்

பதில்: எழுபது வருடத்துக்கும் மேலாக உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆய்விலிருந்து அமினாப்டெரின் வந்தது. அதைக் கொடுத்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்குவதைச் சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். அதன் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட் டிஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை அடைத்து, டி.என்.ஏ. கட்டும் பொருளை நிறுத்துகிறது. இதனால்தான் சிகிச்சையின்போது மருத்துவரைக் கேட்காமல் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கக் கூடாது. உயிர்வேதியியல் மாணவர்கள் பாஸ்பேட் அளக்க இன்றும் பயன்படுத்தும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை அவர் 1925இல் வெளியிட்டதுதான். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக வர வேண்டும்.

அஸ்பராஜினேஸ் இன்னொரு வகை, அங்கே நொதியே மருந்து. கினிப்பன்றிச் சீரம் லிம்ஃபோமாவை அடக்குவதை 1953இல் கண்டார்கள். அதன் காரணம் இந்த நொதி என்பது 1961இல் தெரிந்தது. குழந்தைகளின் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் செல்களால் அஸ்பராஜினைப் போதிய அளவு தயாரிக்க முடியாது. ரத்தத்திலிருந்து அதை அழித்துவிட்டால் அவை பட்டினியில் சாகும். மற்ற செல்கள் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ளும்.

புதியவற்றில் ஐ.டி.எச். (ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ்) நொதியின் தடுப்பான்கள். ஐ.டி.எச்.1 நொதியின் 132ஆம் இடத்து ஆர்ஜினின் மாறினால், அது 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேண்டாத பொருளைத் தயாரிக்கத் தொடங்கும் என்று 2009இல் தெரிந்தது. 2018இல் இவோசிடெனிப் ரத்தப் புற்றுநோய்க்கும், 2024இல் வோராசிடெனிப் மூளைக் கட்டியில் ஒரு வகைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மாற்றம் இருக்கிறதா என்று கட்டித் திசுவிலோ, ரத்தப் புற்றுநோயானால் ரத்தத்திலோ எலும்பு மஜ்ஜையிலோ சோதித்த பிறகே இவை பயன்படும்.

கேள்வி: மகள் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு. புற்றுநோய் ஆய்வுக்குப் போக வேண்டும் என்கிறாள். வழி என்ன, வருமானம் உண்டா? — தந்தை, குறிஞ்சிப்பாடி

பதில்: அடுத்தது எம்.எஸ்ஸி. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகமும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. புதுவைக்குத் தேசிய அளவிலான சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். அதன்பின் முனைவர் பட்டம். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பின் சீனியர் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. உயிரியல் தாள் 200 மதிப்பெண். அதில் சி பகுதி மட்டும் 100: 75 கேள்வியில் 25க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண், தவறுக்குக் கால் பங்கு கழியும். கேள்விகள் பெரும்பாலும் ஒரு சோதனையின் வரைபடத்தைக் காட்டி விளக்கம் கேட்பவை. மனப்பாடம் இங்கே உதவாது. இப்போதிருந்தே வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையின் படங்களை மட்டும் வைத்து முடிவை அவளே எழுதிப் பழகட்டும்.

முனைவர் பட்டம் முடிக்க ஐந்து ஆண்டு ஆகும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு மேலாய்வு. நிலையான வேலை முப்பதை ஒட்டித்தான் வரும். வீட்டில் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் மருந்து நிறுவனங்களின் ஆய்வகம், மருத்துவமனைப் பரிசோதனைக் கூடம் என்று விலகும் வழிகளும் உண்டு.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவள் அந்த ஆய்வகத்துக்கு நேரில் போய்ச் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? செல் வரிசைகளை எங்கிருந்து வாங்குகிறார்கள், செல் வளர்ப்பில் தொற்றும் நுண்ணுயிரான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள்? மனிதத் திசுவுக்கும் விலங்குக்கும் நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? மின்சாரம் போனால் மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் உண்டா? அனுமதி இல்லாத இடத்தில் முதல் வருடம் காத்திருப்பிலேயே போகும். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் ஒரு புயல் மழைக்கு மூன்று வருட மாதிரிகள் போய்விடும். தானே புயலைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.